கட்டுப்பட மறுப்பவர்கள் யார்?

கேள்வி: எங்கள் ஆலையில் நீண்ட அனுபவமுள்ள பெண் ஒருவருக்கு ஷிப்ட் பொறுப்பாளர் பதவி மறுக்கப்பட்டது. "ஆண் தொழிலாளிகள் பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவருடைய மதிப்பீட்டு அறிக்கைகளும் சுமார்தான்" என்கிறது நிர்வாகம். அதிலும் நியாயம் இருக்கிறதல்லவா?
- வாசகர், கோவை

பதில்: இல்லை. ராணுவப் பெண் அதிகாரிகள் தொடர்ந்த வழக்கில் இதே வாதத்தை மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாக வைத்துத் தோற்றிருக்கிறது. ராணுவ வீரர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், பெண் அதிகாரியின் தலைமையை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றார்கள். மேலிடத்தின் தயக்கத்தைச் சிப்பாயின் தலையில் கட்டிய வாதம் அது. 2016இல் பன்னாட்டு ராணுவப் பயிற்சியில் நம் அணிக்குத் தலைமை தாங்கியவர் சோபியா குரேஷி. அவருக்கு அந்த வீரர்கள் கட்டுப்படவில்லையா? 2010இல் காபூல் தாக்குதலின்போது காட்டிய துணிவுக்குச் ராணுவத்தின் வீரப் பதக்கமான சேனா பதக்கம் பெற்ற அதிகாரி மிதாலி மதுமிதா. இவர்களைத் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டி, 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்த வாதத்தை நிராகரித்தது. குறுகிய காலப் பணியில் இருந்த பெண் அதிகாரிகளுக்கு, ஓய்வு வயதுவரை நீடிக்கும் நிரந்தரப் பணி வழங்குவது பற்றிப் பரிசீலிக்க உத்தரவிட்டது. தலைமைப் பொறுப்புகளிலிருந்து அவர்களை அடியோடு விலக்கிவைப்பது செல்லாது என்றது.

உங்கள் நிர்வாகம் சொல்லும் இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம் கோபமூட்டுகிறது. தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரப் பணி கேட்ட பெண்களின் பழைய ரகசிய அறிக்கைகளை, அதாவது மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய பணி மதிப்பீடுகளை, ராணுவத்தில் எடுத்துப் பார்த்தார்கள். அவை எழுதப்பட்ட காலத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு மேலே போக வழியே கிடையாது. எப்படியும் வெளியேறப் போகிறவர்தானே என்று ஏனோதானோவென்று எழுதப்பட்ட அறிக்கைகள், பிறகு தகுதிச் சான்றாக மாறின. பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டோடு கணக்கை நிறுத்தியதால், அதன்பின் செய்த சாதனை எதுவும் சேரவில்லை. உடல்தகுதியில் மட்டும் நேர்மாறு: ஆண் அதிகாரி ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், இளவயதில் காட்ட வேண்டிய தகுதியை, நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் கேட்டார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றே சொன்னது.

உங்கள் ஆலைப் பெண்ணின் அறிக்கையில் 'சுமார்' என்று எழுதியவர், அவர் என்றாவது பொறுப்பாளர் ஆவார் என்று நினைத்து எழுதினாரா? பொறுப்பாளர் விடுப்பில் போன நாட்களில் ஷிப்டை யாரிடம் ஒப்படைத்தார்கள்? பதிவேடுகள் ஆலையில்தானே இருக்கின்றன, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொழிலாளிகள் கேட்பார்களா, மாட்டார்களா என்பதை ஆறு மாதம் அவரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு நிர்வாகம் சொல்லட்டும்.