வகுப்பில் வாங்கிவைத்த செல்போன்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியராக இருக்கிறேன். பாடவேளையில் மாணவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்த செல்போனை வாங்கி, ஆசிரியர் அறையில் பூட்டில்லாத என் மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவனுடைய தந்தை வந்து பெற்றபோது திரையில் விரிசல் இருந்தது. முன்பே இருந்ததா, பிறகு விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பழுதுபார்க்கும் செலவைக் கேட்கிறார். கொண்டுவரக் கூடாத பொருளுக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? இனி இத்தகைய பொருள்களை எப்படிக் கையாள்வது?

பதில்: உங்கள் வாதம் பாதி தூரம்தான் செல்லும். செல்போனைக் கொண்டுவந்தது மாணவனின் தவறு என்றாலும், அதனால் அப்பொருளின் உரிமை அவன் குடும்பத்தை விட்டு நீங்கிவிடுவதில்லை. அது உங்கள் கைக்கு வந்த நொடியிலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் கடமை உங்களுக்கும், உங்கள் வழியாகப் பள்ளிக்கும் வந்துவிடுகிறது. பிறர் ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளில் காட்டும் அளவுக்குக் கவனம் காட்ட வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. மாணவனுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லாததால் அப்பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆயினும் உங்கள் செயலை எடைபோடுபவர் எவரும் ஏறக்குறைய அந்த அளவுகோலைத்தான் கையில் எடுப்பார். உங்கள் சொந்தப் போனை, பலர் வந்துபோகும் அறையில் பூட்டில்லாத இழுப்பறையில் ஒரு வாரம் விட்டுவைத்திருப்பீர்களா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே, தலைமையாசிரியர் முன்னிலையில் தந்தையோடு அமர்ந்து பேசி, திரை மாற்றும் செலவில் ஒரு பங்கை ஏற்று, கடை ரசீதுடன் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துக்கொள்வதே நல்லது. புதிய போனின் விலையைக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்கிவைக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில் குழப்பம் வேண்டாம். வகுப்பைக் குலைக்கும் பொருளைத் தற்காலிகமாக விலக்கிவைப்பது ஒழுங்குக்கான நியாயமான நடவடிக்கையே. பள்ளிகளில் ஸ்மார்ட்போன் பயன்பாடு குறித்து டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் வகுத்த வழிகாட்டுதல்களும், விதியை மீறும் மாணவரின் போனைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிவைக்கலாம் என்று ஏற்கின்றன. ஆனால் விளைவுகள் முன்கூட்டியே தெளிவாக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக, மிகைக் கடுமையின்றி இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளை அவை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அவை தரும் அளவுகோல் சரியானது. எனவே ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே விதியை வாசித்து, எழுத்தில் கையொப்பம் பெற்றுவிடுங்கள். போனைத் தரையில் அடித்து உடைப்பது, காலைக் கூட்டத்தில் அவனை நிறுத்தி அவமானப்படுத்துவது போன்றவற்றுக்கு இதில் இடமில்லை. உடைப்பது பிறர் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம். அவமானப்படுத்துவதோ, எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் விஷயத்தில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்யும் மனரீதியான துன்புறுத்தலாகும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான் என்பதால் அது தகும் செயலாகிவிடாது.

வாங்கும் முறைதான் பின்னர் எழும் எல்லாத் தகராறுகளையும் தீர்மானிக்கிறது. மாணவனையே போனை அணைக்கச் சொல்லுங்கள். அவன் கண்முன்னே ஓர் உறையில் இட்டு, பெயர், வகுப்பு, நாள், நேரம், போனின் வகை, ஏற்கெனவே உள்ள கீறல் அல்லது விரிசல் ஆகியவற்றை எழுதி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவரும் கையெழுத்திடுங்கள். அதே விவரங்கள் தலைமையாசிரியர் அறையில் உள்ள ஒரு பதிவேட்டிலும் ஏற வேண்டும். உறை அந்த அறைப் பீரோவுக்குள் அன்றே போய்ப் பூட்டப்பட வேண்டும். அன்று மாலைக்குள் வீட்டுக்குத் தெரிவித்துவிடுங்கள். இத்தனை எழுத்துவேலை எதற்கு என்று சக ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். ஐந்து நிமிட எழுத்து இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் எனக்கு எழுதவே நேர்ந்திருக்காது.

போனைத் திறந்து பார்க்கக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அறிவித்தது. சிறுவனின் செய்திகளும் படங்களும் ஆசிரியரின் ஆர்வத்துக்கு உரியவை அல்ல. குழந்தை ஒருவரின் ஆபாசப் படம் அதில் இருப்பதாக மற்றொரு மாணவி புகார் சொன்னால், சரிபார்க்கிறேன் என்று படத்தைத் தேடுவதோ, ஆதாரத்துக்காக உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்வதோ உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். அணைத்த நிலையிலேயே தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். தராமல் பள்ளிக்குள் பேசி முடிப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். உடலைத் தடவிச் சோதிப்பதையும் தவிருங்கள். பையைப் பார்க்க வேண்டிய தேவை எழுந்தால் இன்னொரு ஆசிரியர் உடனிருக்க, மாணவனையே திறந்துகாட்டச் சொல்லலாம்.

திருப்பித் தருவதில்தான் பள்ளிகள் பெரிதும் தவறுகின்றன என்பது என் கருத்து. பல வீடுகளில் அந்தப் போன் தந்தையின் வேலைக்கான அழைப்பும் வங்கியின் ஓடிபியும் வரும் ஒரே கருவி. ஆண்டு இறுதி வரை வைத்துக்கொள்வது மாணவனைவிடக் குடும்பத்தையே தண்டிக்கிறது. முதல் முறை என்றால் அன்று மாலையே மாணவனிடம் கொடுத்துவிடலாம், குறிப்பாகத் தொலைவிலிருந்து பேருந்தில் தனியே வருபவராக இருந்தால். இரண்டாம் முறை பெற்றோர் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பெறட்டும். அதற்காக அவர்கள் ஒருநாள் கூலியை இழக்காதபடி மாலை ஆறு மணி வரையாவது நேரம் கொடுங்கள். அபராதம் வசூலிக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ரசீதும் கணக்கும் கேட்கப்பட்டால் காட்ட எதுவும் இருக்காது.

பந்து, சீட்டுக்கட்டு, பம்பரம் போன்றவற்றை மணி அடித்ததும் கொடுத்துவிடுங்கள்.

சில பொருள்களைத் திருப்பித் தரவே கூடாது. கூல் லிப் போன்ற புகையிலைப் பொருளோ இ-சிகரெட்டோ கிடைத்தால் பதிவு செய்து, பெற்றோரை அழைத்து, எங்கே வாங்கினான் என்பதை அமைதியாகக் கேளுங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே காவல்துறைக்குப் போக வேண்டிய பெயர் கடைக்காரருடையது. அரிவாள், கத்தி என்றால் தலைமையாசிரியர் வழியாக உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சிறுவனை எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி என்பதையும் அவர்களிடம் நினைவூட்டுங்கள்.

தென் மாவட்டங்களில் பணிபுரிபவராக இருந்தால் சாதி நிறக் கயிறும் உங்கள் முன் வரும். பள்ளி மாணவரிடையே சாதி மோதலைத் தடுப்பது குறித்து ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, அத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஆயினும் வகுப்பில் கத்தரிக்கோலோடு போய் அறுக்க வேண்டாம். கோயிலில் கட்டிய கயிறு என்று வீட்டார் திரண்டு வந்தால் உங்கள் நோக்கம் அடிபட்டுப்போகும். எல்லாச் சாதி மாணவர்களுக்கும் ஒரே நாளில் ஒரே அறிவிப்பைக் கொடுத்து, அவர்களே கழற்றி உறையில் போட்டுப் பெற்றோரிடம் சேர்க்கும்படி செய்யுங்கள்.

யாரும் வந்து பெறாத பொருள்கள் பீரோவில் தங்கியிருந்தால், கோடை விடுமுறைக்கு முன் வீட்டுக்கு எழுத்தில் தெரிவித்து, பதிவேட்டில் அதைக் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகும் கேட்பாரற்றுக் கிடந்தால், என்ன செய்வதென்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானமாகப் பதிவு செய்யட்டும். ஆசிரியர் எவரும் தம் வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கூடாது.