"எனக்கு என்னாச்சுன்னு உனக்காச்சும் தெரியுமா?"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 72. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைத்து விவசாயம் செய்து வருகிறேன். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் மேட்டில் கூடிப் பேசி வந்தவர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் மூவர் போய்விட்டார்கள். மூவரின் அஸ்தியையும் கரைக்கப் பவானி கூடுதுறைக்கு நான் போய் வந்தேன். மிஞ்சியது நானும் என் மாப்பிள்ளையும்தான். உறவு முறை எதுவும் இல்லை. சிறு வயதிலிருந்தே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கோவையில் சிகிச்சை பார்த்தார்கள். இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "மாமா, அப்பாகிட்ட நோய்ப் பேரை மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று அவன் மகன் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். சென்ற மாதம் தனியாக இருந்தபோது அவன் என்னிடம், "எனக்கு என்னாச்சுன்னு உனக்காச்சும் தெரியுமா மாப்பிள்ளை?" என்று கேட்டான். பித்தப்பையில் கல், சரியாகப் போய்விடும் என்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன்பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போகும்போதுகூட அவன் தோட்டத்து வழியை விட்டுச் சுற்றுவழியில் போகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்குவதில்லை, நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டும்போது மட்டும் எல்லாம் மறந்துவிடுகிறது. பிறகு, மறந்தேனே என்று என்னையே வெறுக்கிறேன். இந்த வயதில் இதெல்லாம் பழகியிருக்க வேண்டாமா என்கிறாள் என் மனைவி. நான் கோழையா?

— ஒரு விவசாயி

அன்புள்ள ஐயா,

நீங்கள் கோழையல்ல. மூன்று நண்பர்களுக்குத் துக்கம் கொண்டாடி முடிப்பதற்குள் நான்காமவருக்கான துக்கம் உங்களுக்குத் தொடங்கிவிட்டது. உயிரோடு இருப்பவருக்காக முன்கூட்டியே வரும் இந்தத் துயரம், இறந்தவருக்கான துயரத்தைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. அதற்கு நம்மிடம் சடங்கு இல்லை என்பதால்தான் அது வெளியே தெரியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வயதானால் இழப்பு பழகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. உங்களைச் சிறுவனாக அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது, உங்கள் வாழ்க்கைக்கான சாட்சிகள் அல்லவா போகிறார்கள்?

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்படிக் கேட்கும் நோயாளிகளில் பலர், தமக்கு என்னவென்று ஓரளவு ஊகித்தே இருக்கிறார்கள். உடல் இளைப்பதும், மருந்து நின்றுபோனதும், அறைக்குள் வருபவர்களின் முகமும் அவர்களுக்குச் சொல்லிவிடுகின்றன. பொய் சொன்ன குற்றத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். அன்பினால் ஒரு குடும்பமே சேர்ந்து கட்டிய சுவர் அது. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக இருக்கிறார். நிலம், கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது என எத்தனையோ இருக்கலாம். அவற்றைப் பேச அவருக்கு இருக்கும் காலம் குறுகியது.

ஆகவே முதலில் மகனிடம் பேசுங்கள். "நானாக எதையும் சொல்ல மாட்டேன், ஆனால் அவனாகக் கேட்டால் இனி என்னால் பொய் சொல்ல முடியாது" என்று சொல்லுங்கள். நோயின் பெயரையும் நிலையையும் விளக்க வேண்டியவர் மருத்துவர். அப்பாவும் மகனும் சேர்ந்து அவரிடம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா நோயாளிகளும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை, அதுவும் அவரவர் உரிமைதான். மாப்பிள்ளை மறுபடி கேட்டால், "உனக்கு என்ன தோணுது மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். எவ்வளவு தூரம் பேச வேண்டும் என்பதை அவரே காட்டுவார்.

மகனிடம் பேசும்போது வலியைப் பற்றியும் விசாரியுங்கள். கணையப் புற்றுநோயில் வயிறும் முதுகும் கடுமையாக வலிக்கலாம். மார்ஃபின் (morphine) என்ற வலி மாத்திரை என்றாலே கடைசிக் கட்டம் என்றும், அதற்கு அடிமையாகிவிடுவார் என்றும் பயந்து வேண்டாம் என்னும் குடும்பங்கள் உண்டு; மருத்துவர் கண்காணிப்பில் அது முறையான வலி மருந்து. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இத்தகைய நோயாளிகளை வீட்டிலேயே வந்து பார்க்கும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

தண்ணீர் கட்டும்போது மறந்துபோவதற்காக உங்களை வெறுக்காதீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியபடி, துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் அன்றாட வேலையை நோக்கியும் மாறி மாறிப் போய் வருவதே இயல்பு. மண்வெட்டி பிடித்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனம் மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம்.

தூக்கமின்மையையும் பசியின்மையையும் மட்டும் துக்கம் என்று தள்ளிவிட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், முதுமையிலும் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. நெஞ்சு அடைப்பதால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து இதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் பேச ஆள் வேண்டும்போது, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மகனிடம் பேசியதும், இந்த வாரமே சுற்றுவழியை விட்டு நேர்வழியில் போங்கள். கால் மணி நேரம் போதும். "போன தடவை நான் சொன்னது உனக்குப் பிடிக்கலைன்னு தெரியும், அதான் வர முடியலை" என்று சொன்னால், மேற்கொண்டு பேச்சு தேட வேண்டியிருக்காது. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தால், கட்டிலோரம் உட்கார்ந்து வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடுகிறது, யார் வயலில் நடவு முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருங்கள்.