எண்ணெயைக் குறையுங்கள், மேகசினைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் பற்றியவை. வழக்கமாகச் சொல்வதை மறுபடி சொல்கிறேன்: பிஸ்டல் காலியா என்று பார்க்க, முதலில் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) வெளியே, அப்புறம் ஸ்லைடைப் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னால் இழுப்பது, கடைசியில் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பிஸ்டல் அடிக்கடி ஜாம் ஆகிறது. என்ன செய்யலாம்? (பெரம்பூர்)

எந்தப் பிஸ்டல், எந்தத் தோட்டா, எத்தனையாவது ரவுண்டில் என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படி? மேகசின்களில் 1, 2 என்று எழுதிக் குறித்துக்கொண்டு சுடுங்கள். ஒரே மேகசினில் மட்டும் சிக்கினால் பிஸ்டலைத் தொடாதீர்கள். மேகசினின் உதடு (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் ஓரம்) வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி நிரப்ப வேண்டும். பின்னால் போனால் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

காலிக் கேஸ் (சுட்ட தோட்டாவின் ஓடு) வெளியே விழாமல் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நிற்கிறது. (வியாசர்பாடி)

ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகவில்லை. வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கேஸைக் கவ்வி இழுக்கும் கொக்கி) நகத்தடியில் சேர்ந்த கரியைப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

உப்புக்காற்றுக்குப் பயந்து வாரம் ஒருமுறை நன்றாக எண்ணெய் விடுகிறேன். ஆனாலும் சிக்குகிறது. தேங்காய் எண்ணெய் பரவாயில்லையா? (எண்ணூர்)

ஆனாலும் இல்லை, அதனால்தான் சிக்குகிறது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நின்றபாடில்லை. .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அதோடு வெந்த வெடிமருந்தின் கரி, ஈயத்தூள், நீங்கள் விடும் எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் பசைதான். போன மாதம் ஒரு தம்பியின் பிஸ்டலைத் திறந்தேன். ஃபயரிங் பின் (தோட்டாவின் விளிம்பைக் குத்தும் ஊசி) ஓடும் துளையில் கண்மை டப்பா மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. குச்சி விட்டால் நூல் நூலாக வந்தது. அந்தப் பின் எப்படி வேகமாக ஓடும்? தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். துப்பாக்கி எண்ணெய் ஸ்லைடு ஓடும் தடத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு போதும். சேம்பரும் மேகசினும் உலர்ந்தே இருக்கட்டும். துருவுக்குப் பயம் என்றால் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

ட்ரிகர் இழுத்தால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது. (திருவொற்றியூர்)

பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி 30 விநாடி பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். பிறகு தோட்டாவை எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஃபயரிங் பின் குத்திய தடம் ஆழமாக இருந்தால் கோளாறு தோட்டாவில். லேசாக இருந்தால் மேலே எண்ணூர்க்காரருக்குச் சொன்ன பசைதான் முதல் சந்தேகம். சத்தம் மந்தமாக வந்து, இலக்கில் ஓட்டையும் இல்லை என்றால் அடுத்த ரவுண்டு சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் (குழலுக்குள்) நின்றிருக்கலாம்.

தெரிந்த லேத் பட்டறையில் ஃபீட் ரேம்பை (தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு) தேய்த்து வாங்கலாமா? (தண்டையார்பேட்டை)

கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும்.

போட்டியில் நடுவே சிக்கினால் நானே சரிசெய்யலாமா? (ராயபுரம், கல்லூரி மாணவி)

தொடாதேம்மா. பிஸ்டலை இலக்குப் பக்கம் பிடித்தபடி மற்றக் கையைத் தூக்கு. அதிகாரி வருவதற்குள் நீயே ஸ்லைடைத் திறந்துவிட்டால் அதை அனுமதிக்கப்பட்ட கோளாறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சுடாத குண்டுகளுக்குப் புள்ளியும் போய்விடும்.