மருத்துவக் கருவிகளைக் கண்டுபிடிப்பது டாக்டர்கள் மட்டும்தானா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார். இல்லை தங்கச்சி, தச்சர்கூட உண்டு.

ஜோகன்னஸ்பர்க் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011இல் ரம்பம் பட்டு வலது கை விரல்களை இழந்தார். செயற்கை விரல்கள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் இயந்திரக் கை செய்திருந்த ஐவன் ஓவனைத் தேடிப் பிடித்தார். இருவரும் சேர்ந்து முப்பரிமாண அச்சில் (3D பிரிண்டிங்) உருவாக்கிய செயற்கைக் கைதான் ரோபோஹேண்ட். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபட்டு விரல்கள் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். விரலில்லாமல் பிறந்த ஐந்து வயதுப் பையனுக்கும் பொருத்தினார்கள். வடிவமைப்பை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள், அந்த மனசுதான் எனக்குப் பெரிது.

அப்புறம், கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956இல் பகுதிநேரமாக வேலை பார்த்த ஆலன் கார்மக். அவர் இயற்பியலாளர். சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர். 1979இல், ஸ்கேன் கருவியை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.