பதவி உயர்வு மறுப்பு, நியமன நிராகரிப்பு: மாற்றுத்திறனாளிகள் எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்?

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பணியில் சேர்ந்த பிறகு நடந்த சாலை விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி வேலைக்கு வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வெளியான உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்கு இளையவர்கள் இருவர் பெயர் இருந்தது. ‘அந்த சீட்டில் அலைச்சல் அதிகம், உங்களால் முடியாது’ என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். குறைதீர் அலுவலரிடம் மனு கொடுத்தேன். ‘கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. என் தங்கைக்குக் காது கேட்பதில் குறைபாடு. மத்திய அரசின் எழுத்தர் தேர்வில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்ச்சி பெற்றும், இரண்டு மாதங்களுக்கு முன் மருத்துவப் பரிசோதனையில் ‘தகுதியற்றவர்’ என்று நிராகரித்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் யாரிடம் மேல்முறையீடு செய்வது?

பதில்: முதலில் உங்கள் விஷயம். அதில்தான் நேரம் குறைவாக இருக்கிறது.

எட்டு மாதம் ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இளையவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததால் பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-இலேயே சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவர் தொடுத்த சதாசிவசுவாமி வழக்கு. அரசின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்று கெடு எழுதப்படவில்லை. ஆனாலும் பதவி உயர்வு வழக்குகளில் அரசுத் தரப்பு முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஆகவே இன்னொரு நினைவூட்டு மனு அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தால் காலக்கெடு நீளாது என்பதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை தெளிவாக்கியிருக்கிறது. 2008-இல் வந்த ஜேக்கப் வழக்கும் தமிழ்நாட்டு ஊழியருடையதுதான். பழைய கோரிக்கை ஒன்றுக்கு அலுவலகம் பல ஆண்டு கழித்துப் பதில் எழுதியது என்பதற்காக வழக்குத் தொடுக்கும் உரிமை புதிதாகப் பிறந்துவிடாது என்றது அந்தத் தீர்ப்பு.

இந்தப் பாகுபாட்டுப் புகார்களில் இரண்டு வகையான இடங்கள் உள்ளன. பரிந்துரைக்கும் இடம் ஒன்று, ஆணையிடும் இடம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து முதலாவதன் வாசலிலேயே நின்று காலத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது, ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் பக்கம் நியாயம் இருக்கும்.

உங்கள் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் 20-ஆம் பிரிவுதான் அரசு வேலை தொடர்பானது. எந்த அரசு நிறுவனமும் வேலை விஷயத்தில் மாற்றுத்திறனாளியிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. மூன்றாவது உட்பிரிவு அப்படியே உங்களுக்காக எழுதியது போல இருக்கிறது: உடல் குறைபாட்டை மட்டும் காரணமாக வைத்துப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. நான்காவது, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ தடை போடுகிறது. பழைய பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஏற்ற பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை மிகைப் பணியிடம் (அவருக்காகவே கூடுதலாக உருவாக்கும் இடம்) ஒன்றில் வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 47-ஆம் பிரிவாக இதே பாதுகாப்பு இருந்தது. கால் இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில், 2003-இல், அது கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய பிரிவு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதில் ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்பது பதவி உயர்வில் இட ஒதுக்கீடு அல்ல. பணிமூப்பின்படி வர வேண்டிய இடத்தை, கால் இல்லை என்பதற்காக மறுத்தது தவறு என்கிறீர்கள். ஒதுக்கீடு கேட்டால் அரசாணை, சுழற்சிப் பட்டியல் என்று வழக்கு வேறு பக்கம் போய்விடும். ‘நீங்கள் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் வேலைக்கு வரவில்லையே’ என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. கேரளத்தின் லீசம்மா ஜோசப் வழக்கில், 2021 ஜூனில், வேலைக்குச் சேர்ந்த வழி எதுவாக இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்குரிய உரிமை போய்விடாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

இனி வழி. குறைதீர் அலுவலரின் ஒரு வரிப் பதில் உங்களை அடுத்த படிக்கு அனுப்பும் சீட்டு, அவ்வளவுதான். 23-ஆம் பிரிவின்படி அவர் உங்கள் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரித்திருக்க வேண்டும். அவர் எடுத்த நடவடிக்கையில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழுவிடம் போகலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தக் குழுவுக்கான மனுவை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூடவே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் துறை நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் அவருக்குச் சொல்வதோடு உங்களுக்கும் சொல்ல வேண்டும். பல துறைகள் ஆணையரின் கடிதம் வந்ததுமே இறங்கி வருவது உண்டு. ஆனாலும் அது பரிந்துரைதான். பதவி உயர்வுப் பட்டியலை ரத்து செய்யவோ தடை விதிக்கவோ அவரை நம்பியிருக்க முடியாது.

அதைச் செய்யக்கூடியது உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியர்களுக்கென்று இருந்த நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், உங்கள் வழக்கு நேரே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். விருதுநகர் அதன் எல்லைக்குள் வருகிறது. ஆணையரிடம் புகார் நிலுவையில் இருக்கும்போதே ரிட் மனு போடலாமா என்று தயங்குவீர்கள். போடலாம், ஆனால் புகார் கொடுத்திருப்பதை மனுவில் மறைக்காமல் எழுத வேண்டும். உங்களைத் தாண்டிப் பட்டியலில் இடம்பெற்ற அந்த இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க மறக்காதீர்கள். கூட வேலை செய்பவர்களை வழக்கில் இழுப்பது சங்கடமாக இருக்கும், உண்மைதான். ஆனால் தீர்ப்பால் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்க்காத மனு அந்த ஒரு காரணத்துக்காகவே விழுந்துவிடலாம். வழக்கு முடியும்வரை உதவியாளர் பணியிடம் ஒன்றைக் காலியாக வைத்திருக்கும்படி இடைக்கால மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

வாய்மொழியாகச் சொன்ன காரணத்தைக் கொண்டு வழக்கு நடத்த முடியாது. அதைக் காகிதத்தில் வரவழைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் இன்றே ஒரு மனு அனுப்புங்கள். பட்டியல் தயாரித்த கோப்பின் குறிப்புப் பக்கங்கள், பணிமூப்புப் பட்டியல், உங்கள் பெயர் விடுபட்டதற்கான காரணம், குறைதீர் அலுவலர் பதிவேட்டில் உங்கள் புகார் பதிவான பக்கம், 21-ஆம் பிரிவின்படி அலுவலகம் வைத்திருக்க வேண்டிய சமவாய்ப்புக் கொள்கை, இவற்றின் நகல்களைக் கேளுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு 20-ஆம் பிரிவிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்க வேண்டும். உங்கள் துறைக்கு அப்படி ஏதும் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதுவே பாதி வழக்கு. பதிலுக்கு முப்பது நாள் ஆகும், அதுவரை வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

துறைத் தலைவருக்கு உரிய வழியாக ஒரு மேல்முறையீடும் போகட்டும், முன்நகல் ஒன்றை நேரடியாக அனுப்புங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம். அதன் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்: “பணிமூப்புப் பட்டியலில் என் வரிசை எண் இது. எனக்குப் பின்னுள்ள இருவர் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளனர். என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை. உதவியாளர் பணியை நான் செய்ய இயலாது என்று எந்த மருத்துவக் குழுவும் சான்றளிக்கவில்லை. தரைத்தள இருக்கை போன்ற நியாயமான வசதி தேவைப்பட்டால் அதைத் தர வேண்டிய கடமை 20(2)-இன்படி துறையைச் சேர்ந்தது. எனவே என் பெயரை உரிய இடத்தில் சேர்க்கவும், மறுப்பதாயின் காரணங்களுடன் கூடிய ஆணை வழங்கவும் வேண்டுகிறேன்.” இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்களிடம் ஆவணம் இருக்க வேண்டும். இல்லாததை எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் தங்கை. அவர் இன்னும் அரசு ஊழியர் ஆகவில்லை என்பதால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மத்திய அரசுப் பணிக்கு ஆள் எடுப்பது தொடர்பான தகராறுகளும் 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு உட்பட்டவை. அவர் சென்னை அமர்வில் மனு தாக்கல் செய்யலாம், விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே தோற்றால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம், 1997-ஆம் ஆண்டு சந்திரகுமார் தீர்ப்பு வகுத்த வழி அது. ஓராண்டு இருக்கிறதே என்று ஆறப்போடக் கூடாது. பணியிடங்கள் நிரம்பிய பிறகு வரும் தீர்ப்பால் வேலை கிடைப்பது கடினம்.

அதற்கு முன் தேர்வு அறிவிக்கையை எடுத்துப் படியுங்கள். மருத்துவ மேல்முறையீட்டுக்கு அதில் கெடு இருந்தால் அது மிகச் சிறியதாக இருக்கும். தவறியிருந்தாலும் காரணம் எழுதி மனு அனுப்புங்கள். பிறகு 2021 ஜனவரி 4-இல் மத்திய அரசு வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலைப் பாருங்கள். 3,566 பணியிடங்கள் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எந்த வகைக் குறைபாடு உள்ளவர் ஏற்றவர் என்றும் குறித்திருக்கிறார்கள். தங்கை தேர்வான பணி செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஏற்றது என்று அதில் இருந்தால், காது கேட்கவில்லை என்பதற்காகவே அவரைத் தகுதியற்றவர் என்று சொன்னது எப்படி நிற்கும்? மனுவின் மையம் இந்தக் கேள்வியாக இருக்கட்டும். கேட்புத்திறன் இழப்பு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்பது நிராகரிப்பின் காரணமாக இருந்தால் வழி வேறு. சான்றிதழில் அப்படிக் குறைத்துக் கொடுத்திருந்தால், 59-ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். பாகுபாடு குறித்த தங்கையின் புகார் மனு, டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையருக்குப் போகும். மாநில ஆணையருக்கு அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நாற்பது விழுக்காடு என்பது இட ஒதுக்கீட்டுக்கான எல்லை மட்டுமே. அதற்குக் குறைவானவர்களுக்கும் பாகுபாடு காட்டக் கூடாது, நியாயமான வசதி தர வேண்டும் என்பது 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் முடிவானது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள அவருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்வதை எழுதித் தருபவரின் உதவி மறுக்கப்பட்டிருந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. மத்திய அரசு ஊழியர் மீது தண்டனை ஆணை வந்தால் துறைசார் மேல்முறையீட்டுக்கு 45 நாள். பணியிடப் பாலியல் தொல்லைப் புகாரில் உள்ளகக் குழுவின் பரிந்துரையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியானவர்கள். உங்களுக்கு மதுரைக் கிளையிலேயே உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பட்டியல் நகல், குறைதீர் அலுவலரின் பதில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, விபத்துச் சிகிச்சை ஆவணங்கள் ஆகியவற்றோடு இந்த வாரமே போய் விண்ணப்பம் கொடுங்கள். தங்கையின் ஆவணங்களைத் தனிக் கோப்பாக வையுங்கள், அவர் வழக்கு சென்னைக்குப் போக வேண்டியது.