ஒருநாள் மலைநடை: கோடை விடுமுறைக் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக்கு ஒரு வாரம் மலையில் தங்கி, தினமும் காலையில் நடக்கக் கிளம்பி மாலையில் அறைக்குத் திரும்புவதாக இருந்தால் கேள்விகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பாதை 12 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். தினமும் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வாக்கிங் போகிறவன் நான். இரண்டரை மணி நேரம் போதும்தானே?

போதாது. மலையில் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 4 மணி நேரம் வருகிறது. அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கும் உட்காராமல் நடந்தால். சாப்பிட, போட்டோ எடுக்க, வழி தேட என்று நான் இன்னொரு பாதியைச் சேர்த்துக்கொள்வேன். ஆக 6 மணி நேரம். செங்குத்தான இறக்கத்தில் நேரத்தை ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சறுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: விடுமுறையிலும் விடியற்காலையில் எழ வேண்டுமா?

வேண்டும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்குள் மேகம் திரளும். கோடையில் பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் வரும். மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். பனி உருகி வரும் ஓடைகளும் அப்படித்தான். காலையில் கல்லில் கால் வைத்துத் தாண்டியது சாயங்காலம் முழங்கால் வரை ஓடும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்கும் குறைவு என்றால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். தனிமரத்தடி வேண்டாம், குகை வாசல் வேண்டாம். கூட்டமாக நிற்காமல் தள்ளித் தள்ளி இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே மறுபடி மேலே போவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: போன வருடம் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் நாளே கால் முழுக்கக் கொப்புளம். என்ன தப்பு செய்தேன் அண்ணா?

புது ஷூவை நேராக மலைக்குக் கொண்டுபோனதுதான் தப்பு தம்பி. இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே ஊருக்குள் போட்டு நடந்து பழக்க வேண்டும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்கினால் அளவு சரியாக அமையும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது.

எனக்கும் நடந்திருக்கிறது. குதிகாலில் லேசாகச் சூடு மாதிரி தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். அந்தத் திருப்பம் வந்தபோது வேறொரு திருப்பம். கடைசியில் சாக்ஸை உரித்தால் தோல் வெள்ளையாகச் சுருங்கி, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காரணம், சாக்ஸுக்குள் கிடந்த மிளகு அளவு மண்கட்டி. சூடு தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து, துடைத்து, டேப் ஒட்டியிருந்தால் மூன்று நிமிட வேலை. கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.

கிளம்பும் முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் விரல்கள் முன்னால் போய் இடிக்காது.

கேள்வி: எவ்வளவு தண்ணீர்?

மணிக்கு அரை லிட்டர். கடும் வெயிலில் ஒரு லிட்டர் வரை. நீண்ட நடை என்றால் உப்புள்ள தீனியும் வேண்டும், வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளக் கூடாது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஏறிவிடுகிறார்; இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது என்கிறார்.

இரண்டு கைக்கும் ட்ரெக்கிங் கம்பு கொடுங்கள், முட்டியின் பாரம் குறையும். அடி சின்னதாக வைக்கச் சொல்லுங்கள். வலி பழையது என்றால் போவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை வலிப்பது வேறு விஷயம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அதனால் வரும் வலி. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை குறைவாகத்தான் இருக்கும். அதனால் முதல் நாள் குட்டையான நடை, பெரிய நடை மூன்றாம் அல்லது நான்காம் நாள், அதற்கு அடுத்த நாள் ஓய்வு. முதல் நாளே பெரிய சிகரத்தைப் போடுகிறவர்கள் மீதி விடுமுறையை அறை ஜன்னலில் இருந்துதான் பார்க்கிறார்கள்.

கேள்வி: 3,000 மீட்டருக்கு வண்டியிலேயே போய்விட்டு அங்கிருந்து நடக்கலாம் என்று திட்டம். தலை வலிக்குமா?

வலிக்கலாம். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். உடற்பயிற்சி செய்கிறவருக்கும் விதிவிலக்கு இல்லை. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே போவதை நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விவாதமே வேண்டாம், அவரைத் தனியே விடாமல் உடனே கீழே கூட்டிவாருங்கள். இரவுத் தூக்கம் தாழ்ந்த இடத்தில் என்பது ஒருநாள் நடையில் உங்களுக்குச் சாதகம்.

கேள்வி: கோடையில் ஜாக்கெட் எதற்கு?

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு காற்று, நனைந்த சட்டை. குளிருகிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரே போகப் போகப் புற ஊதாக்கதிர் கூடும். காது மடலுக்கும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள்.

கேள்வி: போன் மேப் போதுமா?

முன்கூட்டியே டவுன்லோட் செய்து, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் பெரும்பாலும் போதும். ஆனாலும் பையில் காகித வரைபடம், ஹெட்லேம்ப், விசில் இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாட்டிக்கொண்டால் நிமிடத்துக்கு 6 முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3 முறை வரும்.

கேள்வி: உச்சிக்கு இருநூறு மீட்டர் முன்னால் திரும்பிவிட்டோம். நண்பர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்பே பேசி வைத்திருந்தீர்களா? இருந்தால் கிண்டல் செய்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள். இல்லை என்றால் அடுத்த முறை காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள், உதாரணமாக மணி பன்னிரண்டு அடித்தால் எங்கே நின்றாலும் திரும்புவது என்று. உச்சி கண்ணில் படும்போது யாருக்கும் புத்தி வேலை செய்யாது, எனக்கும்தான்.

கேள்வி: அறைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே காகிதத்தைத் திணித்து வைப்பேன். குளியல், சாப்பாடு எல்லாம் அப்புறம். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.