நாலு அறைக்காக மிளகை வெட்ட வேண்டாம்

கேள்வி: கொல்லிமலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காடு. மிளகு, காபி, கொஞ்சம் வாழை, பலா. நாமக்கல்லில் வேலை பார்க்கும் என் மகன், அரை ஏக்கர் மிளகை எடுத்துவிட்டு 20 லட்சம் கடனில் நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கிறான். சேலத்து ஏஜென்ட் ஒருவர் ஆள் அனுப்புகிறாராம். எங்களோடு இருக்கும் மருமகள் நன்றாகச் சமைப்பாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள். இது நிலைக்குமா?
– வாசகர், கொல்லிமலை

பதில்: ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 34,000 ரூபாயைத் தாண்டும். மலைக்குக் கூட்டம் வருவது வார இறுதியில். வெள்ளியும் சனியும் சேர்த்து மாதத்துக்கு எட்டு ராத்திரி. நாலு அறையும் நிரம்பி, அறைக்கு 1,800 வாங்கினால் 57,600 வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏஜென்ட் கமிஷன், மளிகை, கரண்ட், சலவை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். பாதி அறை காலியாகக் கிடக்கும் மாதத்தில் வருவது 28,800, தவணைக்கே பத்தாது. அடைமழையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி எத்தனை பேர் வருவார்கள்? ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பையன் கணக்குப் போட்டாரோ என்னவோ.

அப்புறம் அந்த மிளகு. சில்வர் ஓக்கில் ஏறி நிற்கும் கொடியை வெட்ட அரை நாள் போதும். திரும்ப நட்டால் காய்ப்புக்கு வர மூன்று, நாலு வருடம். சுற்றுலா படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020-ல் எல்லா மலை ஊர்களும் பார்த்தன. அன்று தோட்டம் வைத்திருந்தவருக்கு அடுத்த அறுவடை இருந்தது. லாட்ஜ் மட்டும் வைத்திருந்தவருக்குத் தவணை இருந்தது. கிராமத்து ஹோம்ஸ்டே நிலைக்க வேண்டுமென்றால் அது பக்க வருமானமாகவே இருக்க வேண்டும். விருந்தாளி உங்கள் வீட்டுக்கு வருவதே அந்த மிளகையும் காபியையும் பார்க்கத்தானே?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: ‘மருமகள் நன்றாகச் சமைப்பாள்.’ அவரைக் கேட்டீர்களா? சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கும் எட்டுப் பேருக்குச் சோறு போட வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒருவர் டீ கேட்பார், இன்னொருவர் வெந்நீர் கேட்பார். அவர்கள் போனதும் கழிவறை, விரிப்பு, தலையணை உறை. கார்த்திகை, மார்கழிப் பனியில் உங்கள் ஊரில் போர்வை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை காபி பறிக்கவும் அவரேதான் போவார் என்றால் இது அவர் உழைப்பில் ஓடும் தொழில். வரும் பணத்தில் அவர் பங்கு என்ன, அது எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்பதைச் செங்கல் இறக்கும் முன் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கும். ராத்திரி பாட்டுச் சத்தம், ஓடையில் பாட்டில், கோடையில் ஊற்றுத் தண்ணீருக்குப் போட்டி. இதெல்லாம் அவர்களுக்கு, காசு உங்களுக்கு. கேரளத்தில் குமரகத்தில் 2008 வாக்கில் பொறுப்புச் சுற்றுலா தொடங்கியபோது, அந்த ஊர் விவசாயிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் விளைவித்த காய்கறியை ஹோட்டல்கள் வாங்க ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கும் பங்கு வந்தது. நீங்களும் பாலைப் பக்கத்து வீட்டில் வாங்குங்கள். சாமையும் தேனும் விற்கிறவரை விருந்தாளிக்குக் காட்டிவிடுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு வழிகாட்ட ஊர்ப் பையன் ஒருவனைக் கூலி கொடுத்து அனுப்புங்கள். செப்டிக் டேங்கை ஊற்றுக்கு மேட்டில் மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

என் யோசனை இதுதான். இருக்கிற வீட்டிலேயே இரண்டு அறையை ஒதுக்கி, நல்ல கழிவறை கட்டி, கடன் இல்லாமல் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்ய ஒரு அறை இருந்தாலே போதும். ஆறு அறை, 12 கட்டிலுக்கு மேல் கூடாது. உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஏஜென்ட் ‘மொத்தமாக லீஸுக்குக் கொடுங்கள், நீங்கள் கொட்டகைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்றால் அது ஹோம்ஸ்டேயே இல்லை. கமிஷன் எவ்வளவு, கேன்சல் ஆனால் நஷ்டம் யாருக்கு, குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை வெளியே அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டா – இந்த மூன்றும் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.